மரவீரர் ஆண்ட மாநகரம்
(சார்லட் பிரான்டேயின் வாழ்க்கை)

பிள்ளைகள் விளையாட்டை நாம் பெரிதாக மதிப்பதில்லை. புழுதியில் வீடு கட்டுகிறார்கள். கொட்டாங்கச்சியில் சோறு சமைக்கிறார்கள். ஒருவன் அரசனாகிறான், ஒருத்தி அரசியாகிறாள். பொழுது சாய்ந்து அம்மா கூப்பிட்டதும், அரசும் அரண்மனையும் புழுதியோடு புழுதியாகிவிடுகின்றன. மறுநாள் புதிய ஊர், புதிய அரசன்.

ஆனால், இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் வீட்டில் நான்கு பிள்ளைகள் தொடங்கிய விளையாட்டு ஒன்று பொழுது சாய்ந்தும் முடியவில்லை. அவர்கள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் முடியவில்லை. அந்த விளையாட்டிலிருந்துதான் ஆங்கில நாவல் உலகின் தலைசிறந்த படைப்புகள் சில முளைத்தன. 'ஜேன் அயர்' நாவலைப் பாடமாகப் படித்தவர்கள் நம்மிடையே பலர் இருப்பர். அதை எழுதிய சார்லட் பிரான்டே எழுதக் கற்ற பள்ளி எது என்று கேட்டால், அந்த விளையாட்டுத்தான் என்று சொல்லவேண்டும்.

தாயற்ற வீடு

சார்லட்டின் தந்தை பாட்ரிக் பிரான்டே அயர்லாந்தில் ஏழை உழைப்பாளிக் குடியில் பிறந்தவர். தம் முயற்சியாலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வரை சென்று பயின்று, ஆங்கிலத் திருச்சபையின் குருவானவர். அவருக்கும் மரியா பிரான்வெல் அம்மையாருக்கும் பிறந்த மக்கள் அறுவர்: மரியா, எலிசபெத், சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன். இவர்களுள் பிரான்வெல் ஒருவனே ஆண்பிள்ளை. சார்லட் பிறந்தது 1816ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், யார்க்‌ஷயரில் உள்ள தார்ன்டன் என்ற சிற்றூரில்.

1820இல் குடும்பம் ஹாவொர்த் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. மேட்டின்மேல் ஊர், வீட்டின் முன்னே கல்லறைத் தோட்டம், பின்னே மரமற்ற, காற்று ஓயாத தரிசுவெளி. பின்னாளில் 1850இல் அரசு சார்பில் அவ்வூரின் சுகாதாரத்தை ஆராய்ந்தவர், அங்கே இறப்போரின் சராசரி வயது 25.8 என்று கணக்கிட்டார். குடிநீரும் கழிவுநீரும் கலந்த அவ்வூரில் சாவு நாள்தோறும் கதவைத் தட்டியது. 1821இல் தாய் மறைந்தார். சார்லட்டுக்கு அப்போது வயது ஐந்து. தாயின் தமக்கை வந்து பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார்.

1824இல் மூத்த பெண்கள் நால்வரும் பாதிரிமார் மகளிர்க்கென ஏற்பட்ட ஓர் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். குளிரும் அரைவயிற்றுச் சோறும் கடுந்தண்டனையுமே அங்கே பாடமாயின. காசநோய் பற்றிக்கொண்ட மரியா 1825 மே மாதத்திலும், எலிசபெத் ஜூன் மாதத்திலும் இறந்தனர். சார்லட்டும் எமிலியும் வீட்டிற்கு அழைத்துக்கொள்ளப்பட்டனர். ஒன்பது வயதுச் சார்லட், மூன்றாம் பிள்ளையாக இருந்த நிலை மாறி, வீட்டின் மூத்த பிள்ளையானாள். அந்தப் பள்ளியும் அன்பே உருவான மரியாவும் சார்லட்டின் நெஞ்சில் தங்கிப் பின்னர் 'ஜேன் அயர்' நாவலில் லோவுட் பள்ளியாகவும் ஹெலன் பேர்ன்ஸ் என்ற சிறுமியாகவும் உருக்கொண்டதை இலக்கிய மாணவர் அறிவர்.

பன்னிரு வீரர்

1826 ஜூன் மாதம். லீட்ஸ் நகருக்குச் சென்றிருந்த தந்தை, மகனுக்காக ஒரு பெட்டி நிறைய மரத்தாலான போர்வீரர் பொம்மைகளை வாங்கிவந்தார். அவர் வீடு வந்து சேர்ந்தபோது இரவு; பிள்ளைகள் உறங்கிவிட்டனர். மறுநாள் காலையில் பிரான்வெல் பெட்டியும் கையுமாகத் தமக்கையர் அறைவாசலில் வந்து நின்றான். படுக்கையிலிருந்து துள்ளி எழுந்த சார்லட் அழகிய வீரன் ஒருவனைப் பற்றி, இவனே வெல்லிங்டன் கோமகன் என்று பெயரிட்டாள். எமிலி முகம் வாடிய வீரன் ஒருவனைத் தேர்ந்தாள். ஆன் தன்னைப்போலவே சிறிய ஒருவனை எடுத்தாள். பிரான்வெல் தன் பங்குக்கு நெப்போலியன் போனபார்ட்டை எடுத்துக்கொண்டான். வாட்டர்லூப் போர் முடிந்து பதினோராண்டுகளே ஆகியிருந்த காலம் அது. வெல்லிங்டனும் நெப்போலியனும் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட பெயர்கள்.

அன்று தொடங்கியது கூட்டுக் கற்பனை. வீரர்கள் வெறும் பொம்மைகளாக இருக்கவில்லை. அவர்களுக்குப் பெயர் வந்தது, குணம் வந்தது, பகை வந்தது. கப்பலேறிப் புறப்பட்ட பன்னிருவரும் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் இறங்கி, அங்கே ஒரு மாநகரம் அமைத்தனர். அதன் பெயர் கண்ணாடி நகரம். அதைச் சுற்றி நான்கு நாடுகள். பிள்ளைக்கு ஒன்றாகத் தலைவனுக்கு ஒரு நாடு. நடுவே உள்ள தலைநகரம் நால்வருக்கும் பொது. இவற்றுக்கெல்லாம் மேலே, அரபுக் கதைகளில் வருவதுபோல நான்கு பூதங்கள். அந்தப் பூதங்கள் வேறு யாருமல்லர்; அப்பிள்ளைகள் நால்வருமே. டாலி, பிரான்னி, எம்மி, அன்னி என்று தங்கள் பெயர்களையே திரித்துச் சூட்டிக்கொண்டனர்.

பூதங்களுக்கு ஓர் ஆற்றல் உண்டு: போரில் மாண்ட வீரனை மீண்டும் உயிர்ப்பித்துவிடலாம். பொம்மைப் போரில் இது வசதியான விதிதான். ஆனால், ஒரே கோடையில் இரண்டு தமக்கையரை மண்ணுக்குக் கொடுத்த பிள்ளைகள் வகுத்த விதி இது என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. தம் வீட்டில் நடவாத ஒன்றை அவர்கள் தம் நாட்டில் நடத்திக்கொண்டார்கள்.

கூடிக் கட்டிய உலகம்

1827 டிசம்பரில் ஓர் இரவு. பிள்ளைகள் சமையலறைக் கணப்பைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். மெழுகுவத்தி ஏற்றவேண்டும் என்று கேட்டுப் பணிப்பெண் டாபியிடம் வழக்காடித் தோற்றுப்போனார்கள். என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று பிரான்வெல் சலித்துக்கொள்ள, ஆளுக்கொரு தீவு வைத்துக்கொண்டால் என்ன என்ற பேச்சு எழுந்தது. உடனே ஒருவர் மான் தீவையும், ஒருவர் வைட் தீவையும், ஒருவர் ஆரன் தீவையும், ஒருவர் கேர்ன்சித் தீவையும் பங்கிட்டுக்கொண்டனர். தீவுக்குரிய தலைவர்களையும் தேர்ந்தெடுத்தனர். மணி அடித்துப் படுக்கைக்குப் போகும் முன் ஒரு புதிய நாடகம் உருவாகிவிட்டது. ஒரு சிறு வெளிச்சம் மறுக்கப்பட்ட இருட்டில் பிறந்த தீவுகள் அவை.

இந்த உலகம் வெறுங்கையால் முழம் போட்டதன்று. வீட்டிற்கு வந்த செய்தித்தாள்களைத் தந்தை பிள்ளைகளோடு சேர்ந்து படித்து அரசியல் பேசுவார். 'பிளாக்வுட்ஸ்' என்ற மாத இதழ் அவர்கள் கைக்குக் கிடைத்தது. பூகோள நூல் ஒன்றிலிருந்து ஆப்பிரிக்கக் கடற்கரையின் ஊர்ப்பெயர்களை எடுத்தார்கள். 1824இல் பிரிட்டிஷ் படையை அசாந்தி மக்கள் முறியடித்த செய்தியும் கதைக்குள் வந்தது. பிரான்வெல் நாட்டுக்கு வரைபடம் வரைந்தான், வரலாறும் எழுதினான்.

இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது. அப்பிள்ளைகள் நகரம் அமைத்த மண், கதையிலும்கூட, பிறர் மண். அங்கே வாழ்ந்த அசாந்தியர் அவர்கள் ஏடுகளில் பெரும்பாலும் பகைவராகவே வருகின்றனர். கடல் கடந்து நாடு பிடித்தலை இயல்பென்று கருதிய காலத்தின் காற்றை அவர்கள் சுவாசித்தார்கள். அக்காற்றே அவர்கள் கதையிலும் வீசியது. அந்நியர் ஆட்சியை அறிந்த நம் நாட்டில் அக்கதைகளைப் படிப்போர்க்கு இது உறுத்தும், உறுத்தவே வேண்டும். கற்பனை எவ்வளவு உயரப் பறந்தாலும், அது இரை எடுப்பது தன் காலத்தின் நிலத்தில்தான்.

நாடு உண்டானபின் அதற்கு இலக்கியம் வேண்டாமா? 1829 ஜனவரியில் பிரான்வெல் 'பிளாக்வுட்ஸ்' இதழைப் போலவே ஒரு குட்டி இதழைத் தொடங்கினான். அதே ஆண்டில் சார்லட் அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றாள். கதை, கவிதை, நூல் மதிப்புரை, விளம்பரம் என எல்லாம் அதில் உண்டு. ஏட்டின் அளவோ தீப்பெட்டி அளவுதான். பொம்மை வீரர் கையில் பிடித்துப் படிக்க ஏற்ற அளவு! சர்க்கரை மடித்துவந்த காகிதத்தைக்கூட அட்டையாக்கி, ஊசி நூலால் தைத்து, அச்செழுத்தைப் போன்ற நுண்ணிய எழுத்தால் நிரப்பினார்கள். பெரியவர்கள் கண்ணுக்கு அது எளிதில் புலப்படாது. அதுவும் ஒரு வசதி.

எழுதியவர்களும் சொந்தப் பெயரில் எழுதவில்லை. சார்லட் ஒரு நாள் கோமகனின் மகனாக எழுதுவாள். மறுநாள் கேப்டன் ட்ரீ என்ற எழுத்தாளனாக மாறி, முன்னவனைத் தாக்குவாள். பிரான்வெல் கவிஞனாகவும் வரலாற்றாசிரியனாகவும் வேடம் கட்டுவான். ஒருவர் எழுதியதை மற்றவர் மறுத்து எழுதுவார். ஒருவர் கொன்றவனை மற்றவர் எழுப்புவார். பல குரலில் பேசும் கலையை, பகைவனின் வாய்க்குள்ளும் புகுந்து நியாயம் பேசும் கலையை, இதைவிட நன்றாக எந்தக் கல்லூரி கற்பித்திருக்க முடியும்?

பிரிந்த நாடுகள்

கூடி விளையாடும் இடத்தில் பூசல் இல்லாமல் இராது. 1830இல் சார்லட் தன் இதழில், எமிலியின் நாட்டுக்கு விருந்தாளியாகச் சென்றதாக ஒரு கட்டுரை எழுதினாள். அங்கே பளிங்கு மாளிகைகள் இல்லை. கல்சுவர் கட்டிய வயல்களும் யார்க்‌ஷயர் சாப்பாடுமே இருந்தன என்று அதில் கேலி செய்தாள். ஆடம்பரமும் அரசவையும் மூத்தவர் இருவருக்கும் பிடித்தன. எமிலிக்குப் பிடித்ததோ தன் வீட்டுப் பின்புறத்துக் காற்றும் தரிசும். கேலியைப் பெற்ற அந்த மண்ணிலிருந்துதான் பின்னாளில் 'உதரிங் ஹைட்ஸ்' என்ற மாபெரும் நாவல் விளைந்தது.

1831 ஜனவரியில் சார்லட் ரோ ஹெட் என்ற இடத்தில் இருந்த பள்ளிக்குப் படிக்கச் சென்றாள். அக்காளின் பிடி தளர்ந்ததும், எமிலியும் ஆனும் கண்ணாடி நகரத்தை விட்டு வெளியேறினர். வட பசிபிக் கடலில் கோண்டால் என்ற தீவைப் படைத்து, அதைத் தங்கள் இருவருக்கே உரியதாக வைத்துக்கொண்டனர். 1834இல் சார்லட்டும் பிரான்வெல்லும் கண்ணாடி நகரத்துக்குக் கிழக்கே அங்க்ரியா என்ற புதிய நாட்டை நிறுவினர். அதன் மன்னன் ஸமோர்னா. அவனுக்கு மாமனாகவும் பகைவனாகவும் அமைந்தவன் நார்த்தாங்கர்லாந்து. ஒரு வீடு, இரண்டு உலகங்கள்.

1835இல் சார்லட் அதே பள்ளிக்கு ஆசிரியையாகத் திரும்பினார். பத்தொன்பது வயது. சம்பளம் சொற்பம், வேலையோ விடிந்தது முதல் அடையும் வரை. இலக்கணப் பாடம் திருத்திக்கொண்டிருக்கும்போதே அங்க்ரியாவின் குதிரைக் குளம்பொலி அவர் காதில் கேட்கும். கண்ணை மூடினால் ஸமோர்னாவின் அரண்மனை எதிரே நிற்கும். ஒரு மாணவி ஐயம் கேட்டு வந்து அதைக் கலைப்பாள். அந்நாளில் அவர் எழுதிவைத்த குறிப்புகள் இந்தத் தவிப்பைக் காட்டுகின்றன. வீட்டிலிருந்த தம்பியோ கதையைத் தன் போக்கில் நடத்திக்கொண்டிருந்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. ஸமோர்னாவின் மனைவியைத் தம்பி உண்மையாகவே சாகடித்துவிட்டாரோ என்று அக்காள் தொலைவிலிருந்து கவலைப்பட்டார். விடுமுறையில் வீடு திரும்பிய பின் அந்த அரசி உயிருடன் இருப்பதாகத் தாம் எழுதிக் காத்தார்.

இது சிரிப்பதற்குரியதன்று. சார்லட் அஞ்சினார். இல்லாத நாட்டின்மேல் இத்தனை பற்று வைப்பது பாவமோ, அறிவைக் கெடுக்குமோ என்று உள்ளூர நடுங்கினார். 1836 இறுதியில், அரசவைக் கவிஞராக இருந்த ராபர்ட் சதேக்குத் தம் கவிதைகளை அனுப்பிக் கருத்துக் கேட்டார். அடுத்த மார்ச்சில் பதில் வந்தது. அப்பெண்ணிடம் கவித்திறன் உண்டென்று ஒப்புக்கொண்ட அக்கவிஞர், ஆயினும் பெண்ணின் வாழ்வுக்கு இலக்கியம் தொழிலாக முடியாது என்றும், பகற்கனவுகள் மனத்தை நோயுறச் செய்யும் என்றும் அறிவுரை கூறியிருந்தார். சார்லட் பணிவோடு நன்றி தெரிவித்து மறுமொழி எழுதினார், அறிவுரையைப் பத்திரப்படுத்தினார், எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

விடை பெறுதல்

1839ஐ ஒட்டி அவர் அங்க்ரியாவுக்கு விடைகொடுத்து ஒரு சிறு குறிப்பு எழுதினார். பழகிய முகங்களை விட்டுப் பிரிவது நண்பர்களைப் பிரிந்து அயலூர் செல்வதுபோல் துயரம் தருகிறது என்பதும், எனினும் சுடும் வெயிலடிக்கும் அந்நாட்டை நீங்கி, முகில் மூடிய சாதாரண வானத்தின் கீழ் சற்றே தங்கவேண்டும் என்பதும் அதன் கருத்து. கதை சொல்லப் பழகிய ஒருவர், மெய்வாழ்வைச் சொல்லத் துணிந்த இடம் இதுவே. 1842இல் எமிலியுடன் பிரசல்ஸ் நகருக்குச் சென்று ஹெஷே என்ற ஆசிரியரிடம் பயின்றார். சொல்லை எண்ணிச் செலவிடும் பழக்கம் அங்கே கைவந்தது.

தம்பிக்கு அந்த விடைபெறுதல் கைகூடவில்லை. பிரான்வெல் ஓவியராக முயன்றார், ரயில்வே எழுத்தராக இருந்தார், வீட்டாசிரியராகவும் இருந்தார். ரயில்வே வேலையிலிருந்து 1842இலும், வீட்டாசிரியர் வேலையிலிருந்து 1845இலும் நீக்கப்பட்டார். மதுவும் அபினியும் அவரைத் தின்றன. செய்தித்தாளுக்குக் கவிதை அனுப்பும்போதுகூட நார்த்தாங்கர்லாந்து என்றே கையொப்பமிட்டார். ஒரே உலகத்தைக் கூடிக் கட்டிய இருவரில், அக்காள் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டார். தம்பி உள்ளேயே சிறைப்பட்டார்.

அப்படியானால் விளையாட்டை விட்டவர்க்கே வாழ்வு என்று முடிவு கட்டலாமா? அதற்கும் எமிலி இடம் கொடுக்கவில்லை. 1845 ஜூனில் எமிலியும் ஆனும் ரயிலேறி யார்க் நகருக்குச் சென்றனர். எமிலிக்கு வயது இருபத்தாறு, ஆனுக்கு இருபத்தைந்து. வழியெல்லாம் அவர்கள் கோண்டால் நாட்டு இளவரசர்களாகவும் இளவரசிகளாகவும் நடித்துக்கொண்டே போனதாக எமிலியே தம் குறிப்பில் எழுதியுள்ளார். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சார்லட் தற்செயலாக எமிலியின் கவிதை ஏட்டைக் கண்டெடுத்தார். தம் தனியுலகில் அக்காள் கைவைத்ததை எமிலி எளிதில் மன்னிக்கவில்லை. பல நாள் மன்றாடிய பின்பே அச்சிட இசைந்தார். அப்போதும் கோண்டால் பெயர்களையெல்லாம் நீக்கியே கொடுத்தார்.

1846இல் மூவரின் கவிதைகளும் கர்ரர், எல்லிஸ், ஆக்டன் பெல் என்ற புனைபெயர்களில் சொந்தச் செலவில் வெளிவந்தன. ஓராண்டில் விற்றவை இரண்டே படிகள்! வேடம் கட்டி எழுதுவது அவர்களுக்குப் புதிதில்லை. தோல்வியும் அவர்களை அசைக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்குமேல், சாப்பாட்டு அறை மேசையைச் சுற்றி மூவரும் நடந்துகொண்டே தத்தம் நாவல்களைப் படித்துக்காட்டி விவாதிப்பர். 1847இல் 'ஜேன் அயர்', 'உதரிங் ஹைட்ஸ்', 'ஆக்னஸ் கிரே' மூன்றும் வெளிவந்தன. 'ஜேன் அயர்' நாட்டையே தன்பால் திருப்பியது. அதன் நாயகன் ராச்செஸ்டரின் மிடுக்கிலும் குற்றத்திலும் ஸமோர்னாவின் சாயலை ஆய்வாளர் காண்கின்றனர். ஆனால், அவன் எதிரே நிற்பவள் அரசியல்லள். சம்பளம் வாங்கும், அழகற்ற, தன்மானம் மிக்க ஓர் ஆசிரியை. கனவு நாட்டு மன்னன், மெய்யுலகப் பெண்ணுக்கு விடை சொல்லவேண்டியதாயிற்று.

தனித்து நடந்தவர்

புகழ் வந்த வேகத்தில் சாவும் வந்தது. பிரான்வெல் 1848 செப்டம்பரில் மறைந்தார். அதே டிசம்பரில் எமிலி. 1849 மே மாதத்தில் ஆன். எட்டே மாதங்களில் மூவர். வீரரை உயிர்ப்பித்த நான்கு பூதங்களில் எஞ்சியது ஒன்று. அதனிடம் இப்போது அந்த ஆற்றல் இல்லை.

மூவர் நடந்த மேசையைச் சுற்றிச் சார்லட் இரவில் தனியே நடந்தார். அந்தக் காலடி ஓசையைக் கேட்கும்போதெல்லாம் தன் நெஞ்சு வலித்ததாக வீட்டுப் பணிப்பெண் பின்னர் கூறினார். ஆயினும் அவர் எழுதினார். 1849இல் 'ஷெர்லி'யும் 1853இல் 'வில்லெட்'டும் வெளிவந்தன. 1854 ஜூனில், தந்தையின் உதவிக் குருவாக இருந்த ஆர்தர் பெல் நிக்கல்ஸை மணந்தார். ஓராண்டுகூட நிறையவில்லை. கருவுற்றிருந்த நிலையில் நோயுற்று, 1855 மார்ச் 31ஆம் நாள், தம் முப்பத்தெட்டாம் வயதில் மறைந்தார். ஆறு மக்களையும் மண்ணுக்குக் கொடுத்த தந்தை 1861 வரை வாழ்ந்தார்.

குட்டி ஏடுகள் பலகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, பின் கைமாறி, நாடு நாடாகச் சிதறின. 1941இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபேனி ராட்ச்ஃபோர்ட் அவற்றை ஆராய்ந்து வெளியிட்ட நூலே அவற்றின் அருமையை உலகுக்கு விரிவாக உணர்த்தியது. கோண்டாலின் உரைநடைக் கதைகள் மட்டும் கிடைக்கவில்லை, கவிதைகளே எஞ்சின. 2019இல் பாரிஸ் நகர ஏலத்தில், சார்லட் பதினான்கு வயதில் எழுதிய ஒரு குட்டி இதழை பிரான்டே கழகம் 6,00,000 யூரோவுக்கு ஏலம் எடுத்து ஹாவொர்த் வீட்டுக்கே கொண்டுசேர்த்தது. அந்த வீடு இன்று அருங்காட்சியகம். பொம்மை வீரர்களுக்காகத் தைத்த ஏடு, பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

நண்பர்களே! கற்பனையில் காலம் கழிப்பவர் கெட்டுப்போவார் என்று பெரியவர் எச்சரிப்பதுண்டு. பிரான்வெல்லை எண்ணினால் அவ்வெச்சரிக்கையில் உண்மை இருக்கிறது. சார்லட்டை எண்ணினால் அதில் முழு உண்மை இல்லை என்பதும் விளங்குகிறது. கனவு காணக் கற்றதும், கூடியிருந்து கண்டதும், உரிய நேரத்தில் அதைவிட்டு வெளியே வந்ததும், வந்தபோது வெறுங்கையாக வராததும் அவர் பெற்ற வெற்றி. விளையாட்டுத் தோழர் எல்லோரும் எழுந்து போய்விட்ட பின்னும், அவர்கள் கற்றுக்கொடுத்த ஆட்டத்தைக் கடைசிவரை ஆடி முடித்த ஒரு பெண்ணின் வாழ்க்கை அது. அடுத்தமுறை 'ஜேன் அயர்' நாவலைக் கையில் எடுக்கும்போது, அதன் பக்கங்களுக்குப் பின்னால் ஒரு சமையலறைக் கணப்பின் ஒளியில் நான்கு சிறு முகங்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.